மாசா மாசம் பேங்க்ல போறது, வர்றது: ரெக்கரிங் என்ட்ரி பத்தி கேளுங்க, சொல்றேன்

வாடகை, லோன் தவணை, இன்சூரன்ஸ், இன்டர்நெட் பில், கஸ்டமர்ட்ட இருந்து வர்ற மாச சந்தா, இந்த மாதிரி திரும்பத் திரும்ப வர்ற பேங்க் என்ட்ரியை அக்கவுண்டிங் சாஃப்ட்வேர்ல எப்படி வெச்சுக்கறதுன்னு ஆளாளுக்கு தனித்தனியா கேட்டுட்டே இருக்கீங்க, அதான் எல்லாத்தையும் ஒரே எடத்துல பேசிடலாம்னு ஆரம்பிக்கிறேன். வரிச் சட்டம், எந்த பேங்க் நல்ல பேங்க், இதெல்லாம் என் ஏரியா கிடையாது.

கேக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு மட்டும் மனசுல வெச்சுக்கங்க. ரெக்கரிங் என்ட்ரிங்கறது "இது நடக்கணும்"னு நாம எழுதி வெச்சது. நடந்துச்சா இல்லையான்னு சொல்றது பேங்க் ஸ்டேட்மென்ட் மட்டும்தான். இதை இன்னைக்கு பல தடவை சொல்வேன்.

புது அக்கவுண்டன்ட்: மேடம், வாடகைக்கு ரெக்கரிங் பேமென்ட் செட் பண்ணிட்டேன், சாஃப்ட்வேர்ல கரெக்டா ஒண்ணாம் தேதி போயிருக்கு, ஆனா பில்டிங் ஓனர் பணம் வரலன்னு போன் பண்றார். எங்க பிரச்சனை?

பிரச்சனை சாஃப்ட்வேர்ல இல்லப்பா. நீங்க செட் பண்ணது கணக்குல எழுதற வேலைய மட்டும்தான். பணம் போகணும்னா பேங்க்ல தனியா ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன் (மாசா மாசம் இந்த தேதில இவ்ளோ அனுப்புன்னு பேங்க்ட்ட சொல்லி வைக்கறது) குடுத்திருக்கணும், இல்லன்னா ஒவ்வொரு மாசமும் யாராவது அனுப்பணும். ரெண்டும் ரெண்டு வேற எடம், ஒண்ணை மாத்தினா இன்னொண்ணு தானா மாறாது. வாடகை ஏறுச்சுன்னா பேங்க்லயும் மாத்தணும், சாஃப்ட்வேர்லயும் மாத்தணும். இப்போதைக்கு பணத்தை அனுப்பிட்டு, அந்த என்ட்ரியோட தேதியை பணம் நெஜமா போன தேதிக்கு மாத்திடுங்க. விட்டுட்டா உங்க புக்ல இருக்கற பேங்க் பேலன்ஸும் ஸ்டேட்மென்ட்டும் மாச கடைசில ஒத்து வராது.

ஸ்டோர்ஸ் கணக்கு: எல்லாத்தையும் ஆட்டோமேட்டிக்கா போஸ்ட் ஆகற மாதிரி வெச்சுக்கலாமா? இல்ல ஒவ்வொண்ணா பாத்து போடணுமா?

தொகை மாறுமா மாறாதாங்கறதை வெச்சு முடிவு பண்ணுங்க. நாமளா அனுப்பற ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன்ல தொகையும் தேதியும் நாம சொன்னதுதான், அதை ஆட்டோல விடலாம். டைரக்ட் டெபிட்ல பில் போடறவங்களே நம்ம அக்கவுண்ட்ல இருந்து எடுத்துக்கறாங்க, கரண்ட் பில்லு, போன் பில்லு, கார்டு பில்லு எல்லாம் மாசத்துக்கு மாசம் வேற வேற தொகை வரும், அதை ஆட்டோல விட்டா போன மாச தொகையே இந்த மாசமும் ஏறிடும். குவிக்புக்ஸ் ஆன்லைன்ல இதுக்குன்னே மூணு வகை வெச்சிருக்கான்: ஷெட்யூல்டுன்னு போட்டா தானா ஏறும், ரிமைண்டர்னு போட்டா ஞாபகப்படுத்தும், நீங்க ஓகே பண்ணாதான் ஏறும், அன்ஷெட்யூல்டுன்னா டெம்ப்ளேட் (நாம எழுதி வெச்ச மாதிரி என்ட்ரி) சும்மா இருக்கும், வேணுங்கறப்ப எடுத்துக்கலாம். தொகை மாறற எதுவா இருந்தாலும் ரிமைண்டர்ல போடுங்க. வேற கரன்சில கட்டற சாஃப்ட்வேர் சந்தாவும் இதுலதான் வரும், அங்க விலை மாறாட்டாலும் ரேட் மாறும்ல.

அப்புறம் முடிவு தேதி. எதை செட் பண்ணாலும் முடிவு தேதி போடுங்க. வாடகை ஒப்பந்தம் முடியற மாசம், லோன் முடியற மாசம், இன்சூரன்ஸ் புதுப்பிக்கற மாசம். முடிவே இல்லாத விஷயம்னா ஒரு வருஷத்துக்கு போட்டுட்டு, அது முடியறப்ப பாத்து நீட்டிக்கங்க. சேஜ் 50 சாஃப்ட்வேர்ல எத்தனை தடவை போஸ்ட் ஆகணும்ங்கற எடத்துல 0-ன்னு விட்டா நிக்காம போய்ட்டே இருக்கும், நெறைய பேர் அதை கவனிக்கறதே இல்ல.

தவணைக்காரன்: லோன் இஎம்ஐ மாசா மாசம் ஒரே தொகைதான் போகுது. அதை லோன் லெட்ஜர்ல ரெக்கரிங்கா போட்டு வெச்சிருக்கேன். வருஷக் கடைசில பேங்க் குடுத்த ஸ்டேட்மென்ட்ல பாக்கி அதிகமா இருக்கு, எங்க புக்ல கம்மியா இருக்கு. ஏன் சார்?

மேடம்தான், பரவால்ல. இது நல்ல கேள்வி, கொஞ்சம் விரிவாவே சொல்றேன், ஏன்னா இந்த தப்பு ரொம்ப ஆபீஸ்ல இருக்கு.

இஎம்ஐ வெளில பாக்க ஒரே தொகை, உள்ள ரெண்டு துண்டு: வட்டி, அசல். வட்டி உங்க செலவு, அசல் மட்டும்தான் கடனை குறைக்கும். ஒரு உதாரணம் போடறேன். 1,00,000 கடன், வருஷத்துக்கு 12% வட்டி, 12 மாசத்துல கட்டணும். தவணை 8,884.88 வரும். மொத மாசம் வட்டி 1,00,000-க்கு 1%, அதாவது 1,000. மீதி 7,884.88 அசல். இப்ப பாக்கி 92,115.12. ரெண்டாவது மாசம் வட்டி 921.15 தான், அசல் 7,963.73. இப்படியே வட்டி இறங்கும், அசல் ஏறும், கடைசி தவணைல வட்டி 88-க்கு உள்ளதான் இருக்கும். 12 மாசமும் சேத்து வட்டி கிட்டத்தட்ட 6,618.

நீங்க 8,884.88 முழுசையும் லோன் லெட்ஜர்ல போட்டுட்டே வந்தா என்ன ஆகும்? கடன் வேகமா குறையற மாதிரி தெரியும், கடைசி தவணைல லெட்ஜர் தலைகீழா போயி, பேங்க்தான் உங்களுக்கு 6,618 தரணும்ங்கற மாதிரி நிக்கும். வட்டி செலவே புக்ல இருக்காது, லாபம் அந்த அளவுக்கு அதிகமா தெரியும். உங்க வித்தியாசம் இதுதான், வேற எதுவும் இல்ல.

மொத மாச பிரிவை அப்படியே டெம்ப்ளேட்ல வெச்சுட்டா போதும்னு சிலர் நெனைக்கறாங்க, அதுவும் தப்பு, பிரிவு மாசா மாசம் மாறுது. நான் பண்றது என்னன்னா, ரெக்கரிங் பேமென்ட்ல முழு தொகையும் லோன் லெட்ஜருக்கே போகும், கூடவே ஒவ்வொரு மாசமும் வட்டிக்கு ஒரு ஜர்னல் (பேங்க்கை தொடாம ரெண்டு லெட்ஜருக்கு நடுவுல போடற என்ட்ரி): வட்டி செலவு டெபிட், லோன் கிரெடிட், தொகை பேங்க் குடுத்த அட்டவணைல இருந்து. மொத மாசம் 1,000 ஏத்தி 8,884.88 இறக்கினா பாக்கி 92,115.12, அட்டவணைல அதேதான் இருக்கும். இப்படி வெச்சா பேமென்ட் என்ட்ரி ஸ்டேட்மென்ட்ல இருக்கற ஒத்தை வரியோட நேரா ஒத்துப் போகும், லோன் லெட்ஜரும் மாசா மாசம் பேங்க் பாக்கியோட ஒத்துப் போகும். வட்டி ஜர்னலை மட்டும் ரிமைண்டர்ல வைங்க. மாறும் வட்டி கடன்னா ரேட் மாறறப்பல்லாம் பேங்க்ல புது அட்டவணை கேட்டு வாங்குங்க.

சும்மா ஒரு டவுட்டு: ஆட்டோ டெபிட்டுக்கு எந்த பேங்க்ல சார்ஜ் கம்மி?

பேங்க்ல கேளுங்க.

மாசக்கடைசி: எங்க சாஃப்ட்வேர்ல பேங்க் ஃபீடும் இருக்கு, ரெக்கரிங்கும் இருக்கு. இன்சூரன்ஸ் ரெண்டு தடவை பதிவாகியிருக்கு. எதை அழிக்கறது?

ஸ்டேட்மென்ட்ல வந்த வரியை ஒருநாளும் அழிக்காதீங்க. நடந்தது இதுதான்: ரெக்கரிங் ஒரு என்ட்ரி போட்டுச்சு, ரெண்டு நாள் கழிச்சு ஃபீட்ல (பேங்க்ல இருந்து வரிங்க தானா சாஃப்ட்வேருக்கு வர்ற எடம்) அதே பேமென்ட் வந்துச்சு, அதை ஏற்கனவே இருக்கற என்ட்ரியோட மேட்ச் பண்ணாம புதுசா 'ஆட்'னு குடுத்துட்டீங்க, இல்ல ஒரு பேங்க் ரூல் (இந்த பேர்ல வரி வந்தா இந்த லெட்ஜர்ல போடுன்னு எழுதி வெச்சது) தானா குடுத்துடுச்சு. இப்ப அந்த 'ஆட்'-ஐ கேன்சல் பண்ணுங்க, வரி திரும்ப ஃபீடுக்கு வரும், அப்ப மேட்ச் குடுங்க. அப்புறம் அந்த பார்ட்டிக்கு ரூல் வெச்சிருந்தா எடுத்துடுங்க. ஒரு பேமென்ட்டுக்கு ஒரு வழிதான் இருக்கணும்.

ஃபீட் போதும்: அதான் நானும் சொல்ல வந்தேன். மேடம், பேங்க் ஃபீடும் ரூலும் இருக்கற காலத்துல ரெக்கரிங் என்ட்ரியே எதுக்கு? நான் எல்லாத்தையும் ரூல்ல வெச்சிருக்கேன், பணம் போனா தானா லெட்ஜர்ல உக்காந்துடும், டபுள் என்ட்ரி பிரச்சனையே கிடையாது.

பணம் போனா உக்காரும், சரி. போகலைன்னா? வராம போனா? ஃபீட் நடந்ததை மட்டும்தான் காட்டும். ஒரு கஸ்டமர் மாச சந்தா கட்டாம விட்டா ஃபீட்ல அதுக்கு வரியே இருக்காது, இல்லாத வரியை எந்த ரூலும் புடிக்காது. இன்சூரன்ஸ் டெபிட் பவுன்ஸ் ஆகி பாலிசி லேப்ஸ் ஆகற நிலைமைல இருந்தாலும் உங்க ஸ்க்ரீன் சுத்தமாதான் இருக்கும்.

ஃபீட் போதும்: ஆனா உங்க முறைல இன்னும் மோசமா ஆகும் மேடம். வராத பணத்தை வந்ததா ஆட்டோ போஸ்ட் பண்ணிடும், பேங்க் பேலன்ஸ் இருக்குன்னு நம்பி முதலாளி செக் குடுத்துடுவார். இல்லாத வரி பரவால்ல, பொய்யான வரி அதை விட ஆபத்து.

இந்த பாயின்ட்டை அப்படியே ஒத்துக்கறேன், ரிசீட் விஷயத்துல நீங்க சொல்றது முழுக்க சரி. வர்ற பணத்தை ஆட்டோ போஸ்ட் பண்ணவே கூடாது, யாரா இருந்தாலும். போற பணம் நம்ம கைல இருக்கு, வர்ற பணம் அடுத்தவங்க கைல இருக்கு. ஆனா அதுக்கு பதில் ரூல் மட்டும் வெச்சுக்கறது இல்ல. ரெக்கரிங்கா போட வேண்டியது இன்வாய்ஸ். மாசம் ஒண்ணாம் தேதி இன்வாய்ஸ் ஏறும், கஸ்டமர் லெட்ஜர்ல பாக்கி நிக்கும், பணம் ஃபீட்ல வந்ததும் அந்த இன்வாய்ஸோட மேட்ச் ஆகும். வரலைன்னா பாக்கி லிஸ்ட்ல பேரோட நிக்கும். ஜீரோ (Xero) சாஃப்ட்வேர்ல ரிப்பீட்டிங் இன்வாய்ஸ் போடறப்ப டிராஃப்டா வைக்கணுமா, அப்ரூவ் ஆகணுமா, அப்ரூவ் ஆகி கஸ்டமருக்கே போகணுமான்னு கேக்கும். விலை அடிக்கடி மாறும்னா டிராஃப்ட்ல வைங்க.

சந்தா கம்பெனி: குறுக்க வர்றேன் மன்னிக்கணும். நாங்க ரெக்கரிங் இன்வாய்ஸும் போடறோம், பேங்க்ல வர்றதை நேரா சேல்ஸ்லயும் போடறோம். சரிதானே?

இல்லைங்க, வருமானம் ரெண்டு தடவை ஏறிட்டு இருக்கு. இன்வாய்ஸ் போட்டப்பவே சேல்ஸ் ஆயிடுச்சு. வர்ற பணம் கஸ்டமர் லெட்ஜருக்குதான் போகணும். இன்னைக்கே சரி பண்ணுங்க, கணக்கு ஃபைல் பண்ற வரைக்கும் விட்டா இல்லாத வருமானத்துக்கு வரி கட்டுவீங்க. உங்க பாக்கி லிஸ்ட்டை எடுத்துப் பாருங்க, பணம் குடுத்த கஸ்டமர் அத்தனை பேரும் பாக்கின்னு நிப்பாங்க.

ஃபீட் போதும்: ரிசீட் ஓகே. பேமென்ட்டுக்கு? பில் வர்றதுக்கு ரெக்கரிங் பில் போடலாம்னு வெச்சுக்குவோம். பில்லே வராத ஐட்டத்துக்கு?

சொல்றேன், நடுவுல வந்த கேள்விகளை முடிச்சுட்டு வர்றேன்.

பிப்ரவரி: ஜனவரி 31-ல ஆரம்பிச்சேன், பிப்ரவரி 28 ஆச்சு, அதுக்கப்புறம் எல்லா மாசமும் 28-லயே விழுது.

தேதியை எண்ணா குடுக்காம, 'மாசத்தின் கடைசி நாள்'னு ஆப்ஷன் இருந்தா அதை எடுங்க. இல்லன்னா 28-ஐயோ ஒண்ணாம் தேதியையோ வெச்சுக்கங்க. சில சாஃப்ட்வேர் அடுத்த தேதியை போன தேதில இருந்து கணக்கு பண்ணும், அதனாலதான் திரும்ப 31-க்கு ஏறல.

லீவு முடிஞ்சு வந்தேன்: மூணு மாசம் யாரும் சாஃப்ட்வேரை தொறக்கல. தொறந்ததும் பெண்டிங் இருக்குன்னு கேட்டுச்சு, எஸ் குடுத்தேன், மூணு மாசத்தோடதும் பழைய தேதில ஏறிடுச்சு. அதுல ஒரு மாசம் ஆடிட்டருக்கு ஏற்கனவே குடுத்து முடிச்சது.

அந்த எஸ்-ஐ படிக்காம அமுக்கறதுதான் இதுல பெரிய வினை. மொதல்ல முடிச்சுக் குடுத்த மாசத்துல ஏறினதை லிஸ்ட் எடுத்து ஆடிட்டர்ட்ட சொல்லுங்க, நீங்களா அழிக்க வேணாம். மீதி ரெண்டு மாசத்தை ஸ்டேட்மென்ட்டோட ஒண்ணொண்ணா ஒப்பிடுங்க, பேங்க்ல இல்லாதது எதுவும் நிக்கக் கூடாது. இனிமே மாசம் முடிஞ்சதும் லாக் டேட் போட்டுடுங்க, அதுக்கு முன்னாடி தேதில எதுவும் ஏறாது. கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கணும்னா டெம்ப்ளேட்டை அழிக்காம, சஸ்பெண்ட் ஆப்ஷன் இருந்தா அதை போட்டு வைங்க.

ராத்திரி வேலை: மேடம் எனக்கும் இன்டர்நெட் பில் ரெண்டு தடவை வருது, என்ன பண்ண?

மேல 'மாசக்கடைசி' கேட்டதுக்கு சொன்னதேதான். படிச்சுப் பாருங்க.

டேலி யூசர்: டேலில இந்த வசதி எங்க இருக்கு?

டேலில போஸ்ட் டேட்டட் வவுச்சர் இருக்கு: வர்ற மாசங்களோட தேதி போட்டு வவுச்சரை இப்பவே எழுதி போஸ்ட் டேட்டட்னு குறிச்சுட்டா, அந்த தேதி வர்ற வரைக்கும் லெட்ஜர் பேலன்ஸை தொடாது. டே புக்ல பழைய வவுச்சர் மேல நின்னு ஆல்ட்+2 அடிச்சா டூப்ளிகேட் ஆகும், தேதியை மட்டும் மாத்திக்கலாம். என் பழக்கம் ரெண்டாவதுதான், கை வெச்சு போடறப்ப தொகை மேல கண்ணு போகும்.

வரி கோடு: வரி ரேட் மாறினா பழைய ரெக்கரிங் என்னாகும்?

டெம்ப்ளேட்ல எந்த ரேட் ஒக்காந்திருக்கோ அதே ரேட்லதான் போகும். மாறற அன்னைக்கே எல்லா டெம்ப்ளேட்டையும் தொறந்து பாருங்க. டெம்ப்ளேட்டை மாத்தினா இனிமே வர்றதுக்குதான் பொருந்தும், ஏற்கனவே ஏறினதை தனியா திருத்தணும்.

சம்பளம்: ஸ்டாஃப் சம்பளத்தை ரெக்கரிங்ல வைக்கலாமா?

வேணாம். பேரோல்ல போடுங்க.

மேனேஜர்: எங்க பழைய அக்கவுண்டன்ட் வேலைய விட்டுப் போயிட்டார். அவர் செட் பண்ண ரெக்கரிங் நாப்பது கிட்ட இருக்கு, பாதி எதுக்குன்னே தெரியல, ஒண்ணு 'சர்வீஸ்'னு மட்டும் இருக்கு.

இந்தக் கேள்வி கேட்டதுக்கு நன்றி, இதை யாரும் கேக்கறதில்ல. ரெக்கரிங் பேமென்ட்ல இருக்கற பெரிய ஓட்டை இதுதான்: ஒரே ஒரு தடவை அப்ரூவல் வாங்குவாங்க, அதுக்கப்புறம் யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. சின்னத் தொகைல, பொதுவான பேர்ல, மாசா மாசம் போற பேமென்ட் யார் கண்ணுலயும் படாது, திருட்டும் அங்கதான் ஒளிஞ்சுக்கும். அவர் மேல சந்தேகப்படச் சொல்லல, ஆனா தெரியாத பேமென்ட் எதையும் தெரியாமலேயே விடாதீங்க.

மொதல்ல பேங்க்ல போயி, உயிரோட இருக்கற ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்ஷன், டைரக்ட் டெபிட் அனுமதி எல்லாத்துக்கும் லிஸ்ட் வாங்குங்க. சாஃப்ட்வேர் லிஸ்ட்டோட பக்கத்துல வெச்சு ஒண்ணொண்ணா டிக் பண்ணுங்க. பேங்க்ல இருக்கு சாஃப்ட்வேர்ல இல்லன்னா பணம் கணக்கில்லாம போகுது. சாஃப்ட்வேர்ல இருக்கு பேங்க்ல இல்லன்னா, யாரும் கைல அனுப்பலைங்கற பட்சத்துல, புக்ல போகாத பணம் போன மாதிரி இருக்கு. அந்த 'சர்வீஸ்'க்கு பணம் எந்த அக்கவுண்டுக்கு போகுதுன்னு பாருங்க, ஒப்பந்தமோ பில்லோ கேளுங்க, ரெண்டும் இல்லன்னா முதலாளிக்கு எழுத்துல சொல்லிட்டு நிறுத்துங்க. அவரோட பேங்க் லாகினும் சாஃப்ட்வேர் லாகினும் இன்னும் இருந்தா இதுக்கெல்லாம் முன்னாடி அதை மூடுங்க. இனிமே ஒவ்வொரு டெம்ப்ளேட்லயும் விவரத்துல யார் கேட்டது, எந்த ஒப்பந்தம், எப்ப முடியும்னு எழுதுங்க. முடிவு தேதி, திரும்பவும் சொல்றேன்.

அவசரம்: ரெண்டு தடவை பதிவாகுது, ஹெல்ப்

மேல. ரெண்டு பேருக்கு சொல்லியாச்சு. இதே கேள்வி இன்னொரு தடவை வந்தா பதில் போட மாட்டேன்.

ஃபீட் போதும்: மேடம், நான் இன்னும் காத்துட்டு இருக்கேன். பில் வராத பேமென்ட்.

வந்துட்டேன். உங்க ரூலும் வேணும், என் ரெக்கரிங்கும் வேணும், ரெண்டும் மோதாம இருக்க ஒரு வழி இருக்கு. 'மாச பேமென்ட் கிளியரிங்'னு ஒரு லெட்ஜர் தொறங்க. ரெக்கரிங் என்ட்ரி பேங்க்கை தொடவே வேணாம்: வாடகை டெபிட், கிளியரிங் கிரெடிட், அவ்ளோதான். பேங்க் ஃபீட்ல வாடகை போனது வந்ததும் உங்க ரூல் அதை வாடகைல போடாம கிளியரிங்ல போடும்: கிளியரிங் டெபிட், பேங்க் கிரெடிட். பேங்க் லெட்ஜர்ல ஸ்டேட்மென்ட்ல வந்தது மட்டும்தான் இருக்கும், நீங்க பயந்த பொய்யான பேலன்ஸ் வராது. நடக்காததும் தெரியும், நான் பயந்தது.

மாச கடைசில கிளியரிங் பூஜ்யமா நிக்கணும். கிரெடிட்ல பாக்கி நின்னா போக வேண்டியது போகல. டெபிட்ல நின்னா ரெண்டு தடவை போயிருக்கு, இல்ல தொகை ஏறியிருக்கு, இல்ல நாம எதிர்பாக்காதது எதுவோ போயிருக்கு.

ஃபீட் போதும்: ஒண்ணு 500 போகாம, இன்னொண்ணு 500 அதிகமா போயிருந்தா பூஜ்யம் காட்டுமே?

காட்டும். அதனால மொத்தத்தை மட்டும் பாத்து மூடிடக் கூடாது, ஒவ்வொரு ஜோடியா டிக் பண்ணணும். ஐட்டம் கம்மின்னா ஒவ்வொண்ணுக்கும் தனி கிளியரிங் வெச்சுடுங்க. பத்துக்கு மேல போச்சுன்னா வாடகை மாதிரி பெருசுக்கு மட்டும் தனியா, மீதி ஒண்ணா.

ஃபீட் போதும்: நம்ம ரெண்டு பேங்க் அக்கவுண்டுக்கு நடுவுல மாசா மாசம் மாத்தற பணத்துக்கும் இதே முறையா? ரெண்டு பக்க ஃபீட்லயும் வரி வந்து குழப்புது.

அதே முறைதான், அதுக்கு ரெக்கரிங்கே தேவையில்ல. ரெண்டு ஃபீட்லயும் ரூலை ஒரு 'டிரான்ஸ்ஃபர் கிளியரிங்' லெட்ஜருக்கு திருப்பி விடுங்க, ஒரு பக்கம் டெபிட், இன்னொரு பக்கம் கிரெடிட், தானா அடிபட்டுடும். மாச கடைசி நாள் அனுப்பி மறுநாள் சேந்தா மட்டும் அந்த ஒரு நாள் பாக்கி நிக்கும், அது வழில இருக்கற பணம், நிக்கறதுதான் சரி. மொதல்ல வாடகை ஒண்ணுல மட்டும் ரெண்டு மாசம் ஓட்டிப் பாத்துட்டு, அப்புறம் மத்ததை ஒவ்வொண்ணா இதுக்கு மாத்துங்க.